துயிலும் முயற்சியும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றையும் மக்கள் தம் முயற்சியினாற் பெறுகின்றனர். கல்வியும் செல்வமும் அவ்வாறே. உண்டியோடொப்ப உடலுக்கு இன்றியமையாததாகிய துயிலோவெனின், முயன்று பெறுதற்குரியதன்று. முயலுந்தோறும் அகன்று செல்வது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், நெடுங்காலம் நித்திரையின்றி மனக்கவலையால் வருந்துவோருக்கு நாம் சொல்லும் புத்தியும், செய்விக்கும் சிகிச்சையும், சுமத்தும் பழியும் இதனை அறிந்தோர்க்கு ஒருவாறாகவும் அறியாதோர்க்கு வேறொருவாறாகவும் அமைகின்றன. ஆகலின், நித்திரையின்மை ஒருவருடைய குற்றமோ, அதற்குத் தக்க மருந்து யாது, அம்மருந்தில் ஆசிரியர்க்குரிய பங்கு யாது என்பவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அட்டன், நுவரெலியா முதலிய மலைப்பகுதித் தோட்டங்களிற் கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கும் இந்நோய் புதிதன்று. பிள்ளையின் கல்விநிலையை உசாவ வந்த தாய், பேச்சினிடையே, “கண்ணே மூட மாட்டேங்குதுங்க சேர்” என்று சொல்லக் கேட்டிருப்போம். பரீட்சை நெருங்கிய மாணாக்கரிடத்தும், ஏன், ஆசிரியர் அறையிலிருக்கும் நம்மவரிடத்தும் இதனைக் காண்கின்றோம். ஓரிரண்டு இரவு கண் துஞ்சாமை யாவர்க்கும் உள்ளது, அது நோயன்று. கிழமைக்கு மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்குக் குறையாமல், உறங்குதற்கு வேண்டிய பொழுதும் இடமும் இருந்தும் உறக்கம் வாராது, அதனாற் பகற்பொழுதும் பழுதுபடுமாயின், அதனையே நாட்பட்ட நித்திரையின்மை என இக்கால வைத்தியர் வரையறுப்பர்.

பொதுவாகப் பேசுதலினும் ஒருவரை முன்னிறுத்திப் பேசுதல் தெளிவாம். கொழுந்து பறிக்கும் தாயொருத்தியை வைத்துக்கொள்வோம். அவட்கு வயது நாற்பத்தெட்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடியாகிய லயத்துக் காம்பராவில் ஐவர் வாழ்கின்றனர். நான்கு மணிக்கு எழுந்து, பீலியில் நீர் பிடித்து, ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்து, பிள்ளைகளை ஆயத்தஞ் செய்து, பிரட்டுக்களத்துக்கு விரைகின்றாள். மலையேறிப் பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படும்போது குறித்த நிறைக்குக் குறையுமாயின் முழுப்பேர் இல்லை, அரைப்பேரே. மாலையில் விறகு, சமையல், துணி. மூத்த மகன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை செய்கின்றான். இரண்டு நாளாக அவன் அழைக்கவில்லை. நகை அடகிலே கிடக்கின்றது. நுண்கடனுக்குக் கிழமைதோறும் பணங் கட்டல்வேண்டும். இத்துணை உழைத்த உடல் பாயிற் சாய்ந்தவுடன் துயிலவேண்டுமன்றோ? துயிலுகின்றதில்லை. நெஞ்சு படபடக்கின்றது, கடனும் மகனும் மழையும் மாறி மாறி வருகின்றன. “இப்பொழுது உறங்காவிடின் நாளை எங்ஙனம் மலையேறுவேன்” என்னும் கவலை எல்லாவற்றுக்கும் மேலாக எழுகின்றது. முதலில் கடனைப்பற்றிய கவலையாற் கெட்ட நித்திரை, பின்னர் நித்திரையைப்பற்றிய கவலையாலேயே கெடுகின்றது. நோய் நாட்படுவது இவ்விடத்திலேயாம்.

அவள் சும்மா இருந்தாளல்லள். அயல் வீட்டார் சொல்லப் படுக்குமுன் சூடாகச் சாயத்தண்ணீர் குடித்தாள். பூசாரி நூல் மந்திரித்துக் கட்டினார். அன்றிரவு உறங்கினாள், மறுநாள் இல்லை. தோட்ட மருந்தகத்தில் “தலை கனக்கிறது, கை கால் எரிகிறது” என்றாள். தலைவலி மாத்திரையும் சத்து மாத்திரையும் கிடைத்தன. பட்டினத்து மருந்துக் கடையில் அவள் கணவன் எப்படியோ பெற்றுவந்த நித்திரை மாத்திரை இரண்டு கிழமை பயன் தந்தது. பின்னர் ஒன்றுக்கு இரண்டு வேண்டியதாயிற்று. பகலிலே மலைச்சரிவிற் கால் தடுமாறியது, அஞ்சி நிறுத்தினாள், நிறுத்திய இரவு முன்னையினுங் கொடியதாயிற்று. இஃது ஒருத்தியின் கதையன்று. பலருடைய வழியும் இதுவே.

இனி, இவ்வாறு வருந்துவோரைக் குறித்து நம்மிடையே வழங்கும் கருத்துக்கள் இரண்டு. அவற்றை முதலில் ஆராய்தும்.

முதலாவது, மனத்திலே குற்றமில்லாதவன் இனிது உறங்குவான் என்பது. மனச்சாட்சி தூயதாயின் தலையணை மெத்தென்றிருக்கும் என்னும் மேனாட்டுப் பழமொழியை, மிஷன் மரபில் வந்த பாடசாலையிற் பயின்ற யாம் சிறுபருவத்திலேயே கேட்டிருக்கின்றோம். மடியிற் கனமில்லையாயின் வழியிற் பயமில்லை என்று நம்மவரும் கூறுவர். இவை நல்லொழுக்கத்தைத் தூண்டும் மொழிகளே; ஆயின் நோயாளியை அளக்கும் கோல்கள் அல்ல. குற்றமுடையான் உறங்கான் என்பதை ஒப்புக்கொண்டாலும், உறங்காதான் குற்றமுடையான் என்பது அதனாற் பெறப்படாது. மழை பெய்யின் முற்றம் நனையும். அதனால் நனைந்த முற்றமெல்லாம் மழையால் நனைந்தது எனல் தருக்கமாகாது. பீலி உடைந்தும் நனையும். அன்றியும், பிறர்க்குரியதை வஞ்சித்துக் கொண்டவன் குறட்டைவிட்டு உறங்குதலையும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்புடைய தாய் இரவெல்லாம் விழித்திருத்தலையும் நாள்தோறும் காண்கின்றோம். ஆகவே துயில் அறத்தின் கூலியுமன்று. துயிலின்மை மறத்தின் தண்டமுமன்று.

இரண்டாவது, “இது வினைப்பயன், அநுபவித்தே தீரவேண்டும்” என்பது. பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது நம் சமயத் துணிபே, அதனை மறுக்கின்றோமல்லோம். ஆயின் நோய் வினையால் வந்ததெனின், அந்நோய்க்கு மருந்துண்டென்னும் செய்தி செவியில் விழுந்ததும், அதனை அறிந்த வைத்தியர் அணுகும் தொலைவில் இருத்தலும், அவரிடஞ் செல்லவேண்டுமென்னும் எண்ணம் உதித்தலும் எதனால் வந்தன? பசியும் வினைவழி வருவதே. அதுபற்றிப் பசித்தவன் முன் சோற்றை மறைப்பார் எவருமிலர். வினைக்கொள்கை, தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குரிய துணை; பிறன் துன்பத்தைத் தான் பாராதிருத்தற்குரிய சாட்டன்று. இவ்வெல்லையை மாணாக்கர்க்கு உணர்த்தாது வினையை மாத்திரம் கற்பிப்பது, அரைப்பாடம் கற்பிப்பதாம்.

அற்றேல், குற்றமுமன்று, கைவிடற்குரியதுமன்று எனின், நோயாளி தன் மன உறுதியால் இதனை வெல்லட்டுமே. முயன்றால் முடியாததும் உண்டோ எனின், அற்றன்று. இவ்விடத்திலேயே துயிலின் இயல்பை நுணுகி நோக்கல்வேண்டும்.

ஆன்மாவுக்குரிய அவத்தைகள் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து என்பதை ஆசிரியர் அறிவர். சாக்கிரத்தில் தொழிற்படும் கருவிகள் 35. அவற்றுள் ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் ஒடுங்கச் சொப்பனத்தில் நிற்பன 25. சுழுத்தியிலோ சித்தம், பிராணவாயு, புருடன் என்னும் மூன்றே எஞ்சும். மனமும் புத்தியும் அகங்காரமும் அங்கில்லை. இவ்வெண்ணிக்கையைப் பரீட்சைக்காக மனனஞ் செய்விக்கும் நாம், அதனுள் அமைந்த உண்மையை எண்ணுகின்றோமா? துயில் என்பது கருவிகள் ஒவ்வொன்றாய் விடைபெற்றுச் செல்லும் நிலையேயன்றி, யாதானும் ஒரு கருவி முனைந்து செய்யும் தொழிலன்று. “யான் இதனைச் செய்வேன்” என்று எழுவது அகங்காரம். ஆகவே “யான் உறங்குவேன்” என்று ஒருவன் முனைவானாயின், வாயிலை விட்டுப் புறப்படவேண்டிய அகங்காரத்தையே வாயிலிற் காவல் வைத்தவனாகின்றான். உறுதி மிகுந்தோறும் காவலும் மிகும். நன்முயற்சியுடையோர், பொறுப்புடையோர், ஒன்றைத் தொட்டால் விடாதோர் ஆகியோரிடத்தும் இந்நோய் பலகாற் காணப்படுதற்குக் காரணம் இதுவாகலாம்.

இக்கால மனநூலாரும் வேறு வழியால் இம்முடிவுக்கே வந்தனர். வியன்னா நகரத்து வைத்தியராகிய விக்டர் பிராங்கிள், உறக்கம் வாராதோரை “உறங்க முயலாதீர், விழித்திருக்க முயலுங்கள்” என ஏவும் முறையைக் கையாண்டார். முயற்சியை விழிப்பின்மேற் செலுத்தவே, காவலிழந்த வாயில்வழி உறக்கம் தானே புகும் என்பது அவர் கருத்து. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலாராகிய ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் படுக்கையையும் விழிப்பையும் பிரிக்கும் முறையை வெளியிட்டார். பாயிற் கிடந்து கவலுதல் நாட்பட நாட்பட, பாயைக் கண்டவுடனே கவலை எழும் பழக்கம் உண்டாகின்றது; ஆதலின் உறக்கம் வந்தபோதன்றிப் படுக்கலாகாது, வாராவிடின் எழுந்து அப்பாற் சென்று அமைதியான யாதானும் செய்து, கண் சோர்ந்தபின் மீளல்வேண்டும் என்றார். 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவர் துணைவரும், படுக்கையிற் கழிக்கும் பொழுதை உண்மையில் உறங்கும் பொழுதின் அளவுக்குச் சுருக்கி, உறக்கம் திரண்டபின் சிறிது சிறிதாக விரிக்கும் முறையைச் சேர்த்தனர். எட்டு மணி நேரம் படுத்து ஐந்து மணி நேரம் உறங்குவோர், முதலில் ஐந்தரை அல்லது ஆறு மணி நேரமே படுத்தல்வேண்டும். இவையும், உறக்கத்தைப்பற்றிய மிகையான அச்சங்களைத் திருத்துதலும் கூடியதே நித்திரையின்மைக்குரிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும். 2016இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மையுடைய வளர்ந்தோர் யாவர்க்கும் மாத்திரைக்கு முன்னர் முதற்கண் அளித்தற்குரியது இச்சிகிச்சையே என விதித்தது. இதன் பயன் ஓரிரவில் வாராது. முதலிரண்டு கிழமை அயர்வு மிகுதலும் உண்டு. பல கிழமை பொறுத்தல்வேண்டும். வலிப்பு நோயுடையோரும், அளவிறந்த எழுச்சியும் சோர்வும் மாறி வரும் மனநோயுடையோரும் வைத்தியரைக் கேளாது பொழுதைச் சுருக்கலாகாது.

மாத்திரைகளின் வரலாறோ, நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறி மாறி வந்த வரலாறு. பார்பிட்டல் என்னும் துயில் மருந்து 1903இல் வழக்குக்கு வந்தது. அவ்வினத்து மருந்துகளின் அளவு சிறிது மிகினும் உயிர்க்கு இறுதியாதல் பின்னர்த் தெளிவாயிற்று. 1960இல் குளோர்டயஸிப்பொக்ஸைட்டும் 1963இல் டயஸிப்பாமும் கடைக்கு வந்தபோது, தீங்கற்ற மருந்து கிடைத்ததென உலகு மகிழ்ந்தது. முன்னையவற்றினும் அபாயங் குறைந்தனவே. ஆயினும் சில கிழமையில் உடல் பழகிப்போதலும், நிறுத்தலரிதாதலும், முதியோர் இடறி வீழ்தலும் அறியப்பட்டன. நெடுநாள் உண்டோர் அவற்றைத் திடீரென நிறுத்தின் வலிப்பும் நேரலாம். வைத்தியர் வழிப்படி படிப்படியாகக் குறைத்தலே முறை. நம் நாட்டு மூலிகையாயின் தீங்கில்லை என்பாரும் உளர். சர்ப்பகந்தி வேர் நெடுங்காலமாகச் சித்தக் கலக்கத்துக்கும் துயிலின்மைக்கும் வழங்கிவந்தது. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வைத்தியர் இருவர் அதனை ஆராய்ந்து எழுதினர். 1949இல் பம்பாய் வைத்தியர் வாகில் அவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணித்தலை உலகறியச் செய்தார். 1952இல் அதன் சாரமாகிய ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. மேனாட்டார் வியந்தேற்றனர். பின்னர், உண்டோருட் சிலர்க்கு மனச்சோர்வு நேர்கின்றதென்னும் அச்சம் எழ, அதன் வழக்குச் சுருங்கிற்று. இதனால் அறியத்தக்கது, மருந்தின் நன்மை தீமை அது பிறந்த நாட்டால் அமைவதன்று என்பதே. சாராயமும் கசிப்புமோ மருந்தென்னும் பெயர்க்கே உரியனவல்ல. அவை முன்னிரவில் மயக்கிப் பின்னிரவைச் சிதைப்பன.

மாத்திரையே வேண்டாவென்பது எம் கருத்தன்று. கடுந்துயர் நேர்ந்த சில நாளுக்கு வைத்தியர் அளந்து கொடுப்பது பேருதவி. துயிலின்மைக்கு வேராக மனக்கவலை நோயோ மனச்சோர்வு நோயோ இருப்பின், அவற்றுக்கு வைத்தியர் கொடுக்கும் மருந்து சில கிழமை கழிந்தபின்னரே பயன் தரத் தொடங்கும்; முதற் கிழமையில் “ஒன்றுமில்லை” என்று வீசிவிடுதல் தகாது. இன்னும், தைரொயிட் மிகுதி, துயிலில் மூச்சடைத்தல், மாதவிடாய் நிற்கும் பருவத்து வெப்பம், நீங்காத வலி முதலியனவும் உறக்கத்தைக் கெடுப்பன. இவற்றை ஆராய்ந்து தெளிதல் வைத்தியர்க்கே இயலும். ஆதலின் டிக்கோயா, நுவரெலியா முதலிய அரசினர் வைத்தியசாலைகளுக்கு ஒருமுறையேனும் செல்லுதல் முதற்படியாம்.

இனி, மேலே கூறிய சிகிச்சை பல அறைகளுள்ள வீட்டில் வாழ்வோரை எண்ணி வகுக்கப்பட்டதன்றோ? “எழுந்து வேறறைக்குச் செல்க” என்றால் நம் தாய் எங்கே செல்வாள்? ஐவர் படுத்துள்ள காம்பராவில் விளக்கேற்றவும் இயலாதே எனின், இவ்வினா நியாயமானதே. ஆயினும் சிந்திக்குமிடத்து, லயத்து வாழ்விலும் இச்சிகிச்சைக்கு இயைந்தன சில உள. ஒன்று பாய். கட்டில் பகலெல்லாம் விரிந்து கிடந்து, இருத்தற்கும் உண்டற்கும் கவலுதற்கும் இடமாகின்றது. பாயோ விடியலிற் சுருட்டப்பட்டுச் சுவரோரஞ் சாய்கின்றது. உறக்கத்துக்கன்றி வேறெதற்கும் அது விரிவதில்லை. பூட்ஸின் விதித்ததை நம் முன்னோர் பழக்கம் முன்னரே பாதி நிறைவேற்றியிருக்கின்றது. மற்றொன்று, தவறாது ஒரே பொழுதில் எழுதல். பிரட்டு அதனைக் கட்டாயமாக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் அதே பொழுதில் எழுதல் மாத்திரமே எஞ்சியது. மூன்றாவது, வேறறை இன்மையால், உறக்கம் வாராதபோது கம்பளியைப் போர்த்து இஸ்தோப்பிலாவது அடுப்படியிலாவது இருத்தல். அங்கு கைத்தொலைபேசியைத் திறவாது, திருமுறையொன்றை மெல்ல ஓதலாம், கீரை ஆயலாம், பூத் தொடுக்கலாம். “ஓதினால் உறங்கிவிடுவேன்” என்று ஓதலாகாது, அதுவும் முயற்சியாய்விடும்.

தேயிலையைப்பற்றியும் ஒரு சொல். உலகுக்குத் தேயிலை பறித்தனுப்பும் மக்கள் தாம் தூளைக் காய்ச்சிக் கடுஞ்சாயமாகக் குடிக்கின்றனர். பசியடக்கவும் குளிர் நீக்கவும் அதுவே துணை. விழித்திருக்கும் பொழுது ஏற ஏற மூளையிலே திரளும் அடினோசின் என்னும் பொருளே உறக்கத்தின் சுமை. தேயிலையிலுள்ள கஃபீன் அது பற்றுமிடத்தை அடைத்துக்கொண்டு, சுமை தெரியாதபடி செய்கின்றது. பருகியதிற் பாதி கழிவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேண்டும். ஆகவே பிற்பகலுக்குப்பின் சாயத்தண்ணீரை நிறுத்தி, கொத்தமல்லிக் குடிநீராவது வெந்நீராவது பருகுதல், செலவின்றிச் செய்யத்தக்க சிகிச்சையாம்.

இவ்வளவும் நோயாளியின் கைக்குள் அடங்குவன. அடங்காதனவும் உள. அவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

மலைநாட்டாரின் கவலை யாவும் மனத்தின் கற்பனையல்ல. 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களால் நாடற்றோராக்கப்பட்டோரும், 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் செய்த சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையால் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என எண்ணிப் பங்கிடப்பட்டோரும், ஒப்பாரிக் கோச்சி என மக்கள் பெயரிட்ட புகைவண்டியிற் சுற்றத்தை வழியனுப்பினோரும், 1977லும் 1983லும் தேயிலைச் செடிகளினிடையே ஒளிந்து இரவைக் கழித்தோரும் இம்மக்களின் பெற்றோரும் பாட்டன்மாரும் ஆவர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை தந்தது. ஆயினும் விழித்திருத்தலே காவல் என்று கற்ற குடிகளில் அப்பழக்கம் ஒரு சட்டத்தால் மறைவதில்லை. மழையோ இன்றும் அச்சந் தருவதே. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் டித்வா புயலின் பெருமழையால் மலைநாடெங்கும் மண்சரிந்து மிகப் பலர் மாண்டனர். தகரக் கூரையில் மழை அறையும் இரவில், மேலே செங்குத்தான சரிவிருக்க, ஒருத்தி கண்மூடாதிருப்பாளாயின் அவளை நோயாளியென்பதா, அறிவுடையாள் என்பதா?

இங்கே இரண்டு பிழைகள் நேரலாம். நியாயமான அச்சத்தை நோயெனக் கூறி மாத்திரை கொடுத்தடக்குதல் ஒன்று; அது சரிவை அங்ஙனே விட்டுக் கண்ணை மாத்திரம் மூடுவதாம். உண்மையான நோயை “இங்கே யாருக்குத்தான் கவலையில்லை” என்று கூறிப் புறக்கணித்தல் மற்றொன்று. அது குளிர்காலத்திற் காய்ச்சலை யாவர்க்கும் உள்ள குளிரென்பது போலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும்: அச்சத்துக்குரிய பொருள் நீங்கியபோது அச்சமும் நீங்குகின்றதோ? நீங்குமாயின் மருந்து வேண்டுவது நிலத்துக்கும் கடனுக்கும் வீட்டுக்கும். வானம் தெளிந்தபின்னும் நீங்காதாயின் நோயாளிக்கும் வேண்டும். பலர்க்கு இரண்டும் வேண்டும்.

பூசாரி நூல் கட்டிய இரவு அவள் உறங்கினாள் என்றோம். அதன் காரணத்தை எண்ணிப் பார்த்தல் தகும். நூலிலே ஆற்றலிருந்ததென யாம் சொல்லோம். ஒருவர் எதிரிலிருந்து அவள் கதையை முழுதுங் கேட்டார். “இனி யான் பார்த்துக்கொள்வேன்” என்றார். அன்றிரவு காவல் அவள் கையினின்றும் நீங்கிற்று. தாய் விழித்திருக்க மகவு உறங்குகின்றது. காவலன் விழித்திருக்க ஊர் உறங்குகின்றது. தனக்காக விழித்திருப்பார் ஒருவருளர் என்னும் உணர்வே துயிலின் தலைவாயில். ஐந்தொழில்களுள் சங்காரத்தை அழித்தல் என்னாது, பிறந்திறந்து இளைத்த உயிர்க்கு இளைப்பாற்றல் எனக் கொள்ளும் சமயம் நம்முடையது. உயிர்கள் ஒடுங்கியிருக்கும்போது ஒடுங்காது நிற்பவன் ஒருவன் உளன் என்பதே அதன் உட்கிடை. ஆயின் இதனைத் துயிலாதாரிடஞ் சொல்லி, “இறைவனை நம்பி உறங்கு” என்று ஏவிவிட்டு நாம் உறங்கச் செல்வோமாயின், நம் சொல் பயன்படாது. இறைவனது காவலை மக்கள் உணர்வது மக்களின் காவலாலேயேயாம்.

ஆதலின் ஆசிரியர்க்குரிய பங்கு இதுவென்று துணிகின்றோம். திருக்குறள் மருந்ததிகாரம் மருத்துவத்துக்கு உறுப்பு நான்கென வகுத்து, நோயாளனையும் வைத்தியனையும் மருந்தையும் கூறியதோடு அமையாது, அருகிருந்து துணைசெய்வானையும் ஓருறுப்பாக வைத்தது. மலைநாட்டில் மிகவும் குறைந்துள்ளது இந்நான்காம் உறுப்பே. தமிழறியாத வைத்தியர்முன், நெஞ்சின் படபடப்பைத் தலைவலியென்று மாத்திரம் சொல்லித் திரும்பும் தாய்க்கு, எத்தனை மாதம், எத்தனை இரவு, எம்மாத்திரை, எவ்வளவு என்று ஒரு தாளிற் சிங்களத்திலேனும் ஆங்கிலத்திலேனும் எழுதிக் கொடுத்தல் நம்மால் ஆகாததா? துயில் வாராத மாணாக்கனை “சோம்பேறி” என்று வகுப்பில் எழுப்பி நிறுத்தாது தனியே அழைத்து உசாவுதல் அரிதா? “வாழ்ந்தென்ன பயன்” என்னும் சொல் எவர் வாயினின்றும் வருமாயின், அதனைப் பேச்சென்று தள்ளாது, அன்றே உடனழைத்து வைத்தியசாலை சேர்த்தல் நம் கடன். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் அதற்கென்றே உள்ளது.

மழைக்கும் ஒருவழியுண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல், 100 கடப்பின் வெளியேற ஆயத்தமாதல், 150 கடப்பின் வெளியேறுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வழங்கிவரும் மழையளவு நெறி. நேர்ச்சுவருள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் இருப்பின் பாடசாலைப் பிள்ளைகளும் மழையை அளக்கக் கற்பர். லயத்துக்கு இருவராக முறைவைத்து, பெருமழை இரவில் அளவைப் பார்த்து விழித்திருப்பாராயின், ஏனையோர் உறங்கலாம். எழுப்புவார் ஒருவருளர் என்பதை அறிந்தோர்க்கு மழையோசை முன்போல் அச்சந் தாராது. இஃதும் நித்திரையின்மைக்குச் சிகிச்சையே. எந்த மருந்துக் கடையிலும் கிடையாதது.

முயற்சியைப் போற்றுவது ஆசிரியர் தொழில். முயன்றாலும் கூடாதது ஒன்றுண்டென்று கற்பித்தலும் அத்தொழிலின் பகுதியே. உறங்க முயலவேண்டியவர் உறங்காதவரல்லர். அவர் உறங்குதற்குரிய நிலையை ஆக்க முயலவேண்டியவர் வைத்தியரும் அயலாரும் தோட்டத்தை நடத்துவோரும் அரசினரும், அவர்களோடு நாமும் ஆவோம்.